வயரைத் திரும்ப இழுத்தவர்

மானிட்டரில் எண் தெரியும் மூலையின் மேல் டாக்டர் மார்லூஸ் வெர்ஹாகன் பிளாஸ்டர் ஒட்டுகிறார். இன்னொரு கையில் சீஸ் வைத்த ரொட்டி. அவர் உட்கார்ந்து மதிய உணவு சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. பயிற்சிக்கு வந்த இதய மருத்துவர்கள் பின்னால் நிற்கிறார்கள்.

"எண்ணை அப்புறம் காட்டுறேன். முதல்ல அழுத்தக் கோட்டைப் பாருங்க. ஸ்டென்ட் வைக்கணுமா வேண்டாமா, வாயைத் திறந்து சொல்லுங்க. தப்பாச் சொன்னா யாரும் சாகமாட்டாங்க." சற்றுப் பொறுத்து, "இங்க" என்பார்.

எதற்கும் அவருக்கு ஒரே கேள்விதான்: "எப்படித் தெரியும்?" சூப் சூடாக இருக்கிறது என்று சொன்ன கேன்டீன்காரரிடமும் அதையே கேட்டார். அவர் ஒரு கரண்டியை நீட்டினார்.

முன்பு இந்தப் பயிற்சி இருட்டறையில் நடக்கும் வெறும் சொற்பொழிவு. வந்தவர்கள் தலையாட்டிவிட்டு ஊருக்குப் போய்ப் பழையபடி கண்மதிப்பில் ஸ்டென்ட் வைத்தார்கள். அவர்களுடைய மருத்துவமனைகளுக்கு மார்லூஸே போய்ப் பார்த்தார். ரத்தக்குழாய்க்குள் அழுத்தம் அளக்கும் வயர்கள் உறை பிரிக்காமல் அலமாரியில் கிடந்தன. திரும்பி வந்ததும் சொற்பொழிவுகளை வெட்டினார். பழைய நோயாளிகளின் அழுத்தக் கோடுகளையும், ரத்தக்குழாய்க்குள்ளிருந்தே எடுத்த படங்களையும் மேசையில் பரப்பினார். எங்களைப் போன்ற நர்ஸ்களையும் அதே மேசைக்கு அழைத்தார்.

"நர்ஸோட உக்காந்து படிக்கணுமா?" என்று ஒரு மூத்தவர் கேட்டார்.

"வயரை உங்க கையில குடுக்கிறது யாரு? அவங்களும் படிக்கட்டும்."

போன மார்ச்சில் எங்கள் அறையிலிருந்து ஒரு சிகிச்சையை மாநாட்டு அரங்குக்கு நேரலையில் காட்டினார்கள். மார்லூஸின் பயிற்சியை நாடு முழுக்கக் கொண்டுபோகலாமா என்று முடிவு செய்யும் குழுவும் அரங்கில் இருந்தது. அரங்கிலிருந்து நிகழ்ச்சியை நடத்தியவர் ரூலோஃப். மேசையில் விழித்தபடி படுத்திருந்தவர் ட்ரீக் என்ற பிரபாந்த் பகுதி விவசாயி. படத்தில் அடைப்பு தெரிந்ததும் ஸ்டென்ட் வேண்டும் என்று அரங்கில் ஏறக்குறைய எல்லோரும் கைதூக்கினார்கள். மார்லூஸ் அடைப்பைத் தாண்டி வயரைச் செலுத்தி அளந்தார். அடைப்புக்கு அப்பால் இருக்கும் அழுத்தம் முன்னால் இருப்பதில் எவ்வளவு பங்கு என்பதே எண்: 0.76. 0.80-க்குக் கீழே போனால் ஸ்டென்ட். கைதட்டல் கேட்டது.

"அருமை மார்லூஸ். நேரமாச்சு, ஸ்டென்ட்டை எடுங்க" என்றது ஒலிபெருக்கியில் ரூலோஃபின் குரல்.

நான் பெட்டியைக் கையில் எடுத்துவிட்டேன். மார்லூஸ் வயரை அடைப்புக்கு முன்னால் திரும்ப இழுத்தார். அங்கே குறுக்கே அடைப்பு இல்லாததால் இரண்டு அழுத்தங்களும் சமமாக, எண் ஒன்றாக இருக்க வேண்டும். 0.91 காட்டியது.

"நான் சொன்ன எண் தப்பு" என்றார் கேமராவைப் பார்த்து. "வயர் காட்டுற அளவு நழுவியிருக்கு. மறுபடி அளக்கணும்."

"அடுத்த கேஸ் காத்துக்கிட்டிருக்கு. படத்திலேயே நல்லாத் தெரியுதே?"

"எனக்கும் தெரியுது. அளந்திடலாம்."

வயரைச் சமன்படுத்தி மறுபடி அளந்தார். 0.86. ஸ்டென்ட் தேவையில்லை, மாத்திரை போதும். நான் பெட்டியைக் கீழே வைத்தேன். அரங்கில் யாரோ சிரித்தார்கள்.

குழு முடிவைத் தள்ளிவைத்தது. ஒழுங்காக நடக்காத நேரலை என்று பேசிக்கொண்டார்கள். ஆனால் அடுத்த பயிற்சிக்கு இரண்டு மருத்துவமனைகள் டாக்டர்களோடு நர்ஸ்களையும் சேர்த்து அனுப்பின.

அன்று வயரை வெளியே எடுத்ததும் ட்ரீக் கேட்டார்: "ஒண்ணும் வைக்கலையா? அப்போ நான் சும்மாவா வந்தேன்?"

"வைக்க வேண்டியதில்லன்னு தெரிஞ்சுதே. வீட்டுக்குப் போகலாம்."

"அதுவும் நல்லதுதான். ஞாயித்துக்கிழமை புறாப் பந்தயம்."

"எங்கேருந்து பறக்கவிடுவீங்க?"

அவர் சொல்ல ஆரம்பித்தார். "மார்லூஸ், லைன்ல இருக்கீங்களா?" என்று ரூலோஃப் அழைத்தார். மார்லூஸ் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, நான் செய்ய வேண்டிய வேலையைத் தானே எடுத்துக்கொண்டு வயர் நுழைந்த ட்ரீக்கின் மணிக்கட்டில் ரத்தம் கசியாமல் கட்டைவிரலை அழுத்திப் பிடித்தார். முழங்கையால் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைத்தார்.