மடக்கிக் கட்டிய கயிறு

ஜமுனாமரத்தூர் பள்ளியில் இருபதாவது வருடமாக, செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவைப் பலகையில் வரைகிறேன். கை வலிக்கிறது.

"உள்சவ்வு இன்னாத்துக்கு டீச்சர் இவ்ளோ மடிஞ்சிருக்கு?" என்று முன்வரிசைப் பெண் கேட்டாள். அவள் சட்டையில் அடுப்புப் புகையில் அரைகுறையாகக் காய்ந்த வாடை.

நான் வளர்ந்த ஒற்றை அறை வீட்டின் வாடை அது. அடைமழையில் அம்மா அடுப்புக்கு மேலே சுவருக்குச் சுவர் கயிற்றை மடக்கி மடக்கிக் கட்டுவாள். ஆறு பேர் துணியும் காயும். அவள் சேலைக்கு மட்டும் இடமிருக்காது. "உடம்புலயே காஞ்சிடும், போடீ" என்று இருமுவாள்.

"சின்ன எடத்துல நெறைய வேலை நடக்கணுமே, அதுக்குத்தான். இதோட முன்னோர் பாக்டீரியாதான். அப்பவே சவ்வு இப்படி மடிஞ்சிருந்திருக்கலாம்னு சொல்றாங்க" என்றேன்.

பலகைப் பக்கம் திரும்பினேன். காலையில் என் பிள்ளைகள் துணியைக் காயவைத்துவிட்டு ஈரத்தோடு கட்டிவந்த சேலை, முதுகில் இன்னும் காயவில்லை.