கரடியனாற்றுக்கு மூன்றாம் முறை

கடல் பொங்கிய மறுகிழமை, கண்டியிலிருந்து நிவாரண லொறியில் ஏறி மட்டக்களப்புக்கு வந்தேன். கல்லடியில் ஒரு முகாமில் பத்து நாள் சோறு பரிமாறினேன். வாவிக்கு மேற்கே இருந்த ஊர்களுக்குப் போகக் கிடைக்கவில்லை. போர் முடிந்த அடுத்த வருடம், நான் படிப்பிக்கும் பாடசாலை விடுமுறை விட்டதும் மறுபடி வந்தேன். இம்முறை அந்த ஊர்களைச் சைக்கிளில் போயே பார்ப்பது என்று முடிவெடுத்திருந்தேன்.

புளியந்தீவில் நான் தங்கிய வீட்டு அம்மா தன் பழைய சைக்கிளைத் தந்தார். "கரடியனாறு வரைக்குமா? வெயில் கொன்றுபோடும் புள்ள" என்றார்.

முதல் நாள் ஏறாவூரோடு கால்கள் கைவிட்டன. இரண்டாம் நாள் செங்கலடி தாண்டியதும் காவலரணில் ஒரு சிப்பாய் என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு பெண் தனியாகச் சைக்கிளில் ஊர் பார்க்கப் போகிறாள் என்பதை அவனால் நம்ப முடியவில்லை. திருப்பி அனுப்பிவிட்டான். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. மூன்றாம் நாள் காலையிலேயே அவன் முன்னால் போய் நின்றேன். சிரித்துவிட்டு வழிவிட்டான்.

பதுளை வீதி கிறவல் கல்லும் குழியுமாகக் கிடந்தது. கரடியனாற்றில் ஒரு தகரக் கொட்டிலின் முன் நிறுத்தித் தண்ணீர் கேட்டேன். செம்பை நீட்டியவளுக்கு என் வயதுதான் இருக்கும். ஷெல் பட்ட இடது காலை இழுத்து நடந்தாள். அவள் கண் என் சைக்கிளிலேயே இருந்தது.

"எங்கட வயல் இருக்கிற வட்டை இதால ரெண்டு கட்டை தூரம். கண்ணிவெடி எடுத்து முடிஞ்சிது, போகலாம் எண்டு போன கிழமைதான் சொன்னாங்க. இந்தக் காலோட நடக்க ஏலாது."

"ஏறுங்க" என்றேன்.

"டபுள்ஸ் மிதிப்பீங்களா?"

"தெரியாது. பார்ப்போம்."

மணலில் இரண்டு முறை சரிந்து விழுந்தோம். தொடைகள் எரிந்தன. "விடுங்க, மறுகா ஒரு நாளைக்குப் பாப்பம்" என்றாள். நான் விடவில்லை.

வயல் இருந்த இடத்தில் ஆளுயரத்துக்குப் பற்றை. அவள் சைக்கிளைப் பிடித்து ஊன்றிக்கொண்டு, ஒரு மருத மரத்திலிருந்து எல்லை பார்த்து நடந்தாள். காலால் துழாவி, "இந்தா, வரம்பு" என்றாள். அப்படியே குந்தி மண்ணைத் தடவினாள். பிறகு எழுந்தாள்.

"காட்டை வெட்டினா வாற மாரிக்கு விதைக்கலாம். ஓம், விதைக்கத்தான் போறன்."

விடுமுறையில் மிச்சமிருந்த ஆறு நாளும் அவள் கொட்டிலில் தங்கினேன். தினமும் அவளை ஏற்றிக்கொண்டு போனேன். இருவருமாகப் பற்றை வெட்டினோம். என் உள்ளங்கைகள் கொப்பளித்து உடைந்தன. ஆறாம் நாள் பின்னேரம் ஒரு துண்டு நிலம் வெளியே தெரிந்தது.

மாரிக்கு விதைத்தாள். விதைத்ததை வெள்ளம் கொண்டுபோனது. செய்தி கேட்டுத் தொலைபேசியில் அவளை அழைத்தேன்.

"தண்ணி வடியட்டும்" என்றாள். "திரும்ப விதைப்பன்."

அடுத்த வருடம் அறுவடைக்குக் கூப்பிட்டாள். போனேன்.