கடதாசிப்பூ நிறத்தில் ஒரு படை

ஐந்தாம் மாதத்திலிருந்து கட்டிலை விட்டு எழும்பக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் கடற்பக்க ஒழுங்கை ஒன்றில், மேல்மாடி வீட்டின் அறையில் இடப்பக்கமாகச் சரிந்து படுத்தபடி நாள் முழுவதும் ரயில்களை எண்ணிக்கொண்டிருந்தேன். கணவர் கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியில் வேலை செய்தார். பகலில் கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் அக்கா வந்து சமைத்து, எனக்கும் துணையிருந்துவிட்டுப் போவார்.

வயிற்றிலிருந்த பிள்ளையைப் பற்றி நானும் கணவரும் கதைப்பதில்லை. ஒரு சட்டை வாங்கவில்லை, ஒரு பெயர் யோசிக்கவில்லை. யோசித்தால் இதுவும் போய்விடும் என்ற பயம் இரண்டு பேருக்கும் இருந்தது.

அந்த நாட்களில்தான் லண்டனிலிருந்த கணவரின் தம்பி, கொழும்புக்கு வந்த ஒருவரிடம் ஒரு பெட்டி கொடுத்துவிட்டார். உள்ளே சாம்பல் நிறப் பிளாஸ்ரிக் துண்டுகள். கை வேறு, கால் வேறு, தலை வேறு. ஒட்டினால் பெருவிரல் உயரத்தில் நாற்பது போர்வீரர்கள் வருவார்கள். மனிதர்கள் அல்ல. மீன் முகம், மூன்று விரல், உடம்பைவிட நீளமான துவக்கு. வேறு ஏதோ கிரகத்துப் படை. “அண்ணி, நீங்கள் குஷன் கவருக்குப் பெயின்ற் பண்ணுறனீங்கள்தானே. இதுக்கும் பண்ணிப் பாருங்கோ, பொழுது போகும்” என்று எழுதியிருந்தார்.

பசையின் மணம் எனக்கு ஆகாது என்று கணவர் பல்கனியில் இருந்து ஒட்டினார். பெட்டியின் மேலிருந்த படத்தில் எல்லோரும் கரும்பச்சையும் மண்ணிறமுமாக நின்றார்கள். “இதே மாதிரி அடிக்கப்போறீரோ?” என்று கேட்டார்.

“இந்த நிறத்தை றோட்டிலை ஆமிக்காரரிலை பாக்கிறது போதாதே?” என்றேன்.

என்னிடம் துணிக்குப் பூசும் பெயின்ற் போத்தல்கள் இருந்தன. கடதாசிப்பூ ரோசா, மஞ்சள், மயில் நீலம், கிளிப்பச்சை. முதல் ஆளுக்குப் பூசிய நிறம் காய்ந்ததும் தோல்போல உரிந்து வந்துவிட்டது. பிளாஸ்ரிக்கில் எண்ணெய்ப் பிடிப்பு இருக்கும், சவர்க்காரத்தில் கழுவ வேண்டும் என்று பிறகுதான் விளங்கிற்று. அக்கா பழைய பல் தூரிகையால் நாற்பது பேரையும் தேய்த்துக் குளிப்பாட்டினார். சுவருக்கு அடித்த வெள்ளைப் பெயின்ற்றில் மிச்சம் கொஞ்சம் இருந்தது. அதை முதலில் ஒரு பூச்சுப் பூசினேன். அதற்குமேல் நிறம் பிடித்துக்கொண்டது. ஒவ்வொருவரையும் ஒரு சோடா மூடியில் ஒட்டி, மூடியைப் பிடித்துத் திருப்பித் திருப்பித் தீட்டினேன். கண்ணுக்கு மட்டும் ஈர்க்கு நுனி.

“பிசாசுக் கூட்டம் மாதிரி இருக்கே மகள், இந்த நேரத்தில இதெல்லாம் பாக்கலாமா?” என்று அக்கா முதலில் முகத்தைச் சுளித்தார். ரோசாச் சட்டையும் மஞ்சள் சப்பாத்துமாகப் பத்துப் பேர் வரிசையில் நின்றதும், “இவனுக்கு ஒரு நீல பெல்ட் போடுங்களேன்” என்று சொல்லத் தொடங்கினார்.

ஏழாம் மாதம் ஒரு காலை, ஆமிக்காரர் ஒழுங்கை முழுவதையும் சுற்றிவளைத்துச் சோதனை போட்டார்கள். கணவர் வேலைக்குப் போய்விட்டார். அக்கா கதவைத் திறந்தார். ஓர் அதிகாரியும் இரண்டு சிப்பாய்களும் அறைக்குள் வந்தார்கள். நான் படுத்தபடியே அடையாள அட்டையையும், கொழும்பிலிருக்கப் பொலிஸ் தந்த பதிவுத் துண்டையும் நீட்டினேன். அதிகாரியின் பார்வை என் பக்கத்திலிருந்த தட்டில் நின்றது. அதில் இருபத்துமூன்று பேர், துவக்குகளுடன்.

“மேவா மொனவத?” என்று கேட்டார், இவை என்ன என்று.

“செல்லம் படு, சேர்” என்றார் அக்கா, விளையாட்டுச் சாமான் என்று.

அதிகாரி என்னைப் பார்த்து, யாருடைய படை இது என்று சிங்களத்தில் கேட்டார். எந்தப் பதிலும் பிழையான பதிலாகிவிடலாம். இவர்கள் இந்த உலகத்து ஆட்கள் இல்லை என்று எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன். அவர் ஒன்றைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். இப்படி உடுத்தால் எதிரி தூரத்திலேயே கண்டுவிடுவானே என்றார்.

“இவையளுக்கு ஒளிக்கத் தெரியாது” என்று தமிழில்தான் வாயில் வந்தது. அக்கா அதைச் சிங்களத்தில் சொன்னார்.

அவர் சிரிக்கவில்லை. பொம்மையை மெதுவாக இருந்த இடத்திலேயே வைத்தார். அப்போதுதான் தன் பெருவிரலைப் பார்த்தார். ரோசா நிறம். காயாத ஆளைத் தூக்கியிருந்தார். அக்கா ஓடிப்போய் ஈரத்துணி கொண்டுவந்தார். அவர் துடைத்துவிட்டு, என் வயிற்றை ஒருமுறை பார்த்து, எழும்ப வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுப் போனார்.

பின்னேரம் கணவர் வந்து விஷயத்தைக் கேட்டதும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நிலத்தில் இருந்துவிட்டார். “எல்லாத்தையும் கட்டி எறிவம்” என்றார்.

“எறிஞ்சுபோட்டு நான் என்ன செய்யிறது? முகட்டைப் பாத்துக்கொண்டு கிடக்கிறதோ? அப்பிடிக் கிடந்தால் எனக்கு மற்ற ரெண்டையும் நினைப்பு வருது.”

நான் அழுதேன். அவர் எழும்பிப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து, தட்டிலிருந்த ஒருவனைத் தூக்கி, “இவரின்ரை சப்பாத்துக்கு என்ன நிறம்?” என்று கேட்டார்.

அதற்குப் பிந்திய ஞாயிற்றுக்கிழமை அந்தப் படையை வைத்து விளையாடிப் பார்த்தோம். பெட்டியோடு வந்த விளையாட்டு விதிப்புத்தகத்தைக் கணவர் கப்பல் பத்திரம் வாசிப்பதுபோல் வரிவரியாக வாசித்தார். தையல் நாடாவால் தூரம் அளந்தோம். பாம்பும் ஏணியும் விளையாடும் பெட்டியிலிருந்து தாயக்கட்டை எடுத்தோம். படுக்கை விரிப்புத்தான் போர்க்களம். நான் சற்றுநேரம் மல்லாந்து படுத்தேன். “இது மலை” என்று அவர் என் வயிற்றைக் காட்டி, மயில்நீலத் தொப்பிக்காரன் ஒருவனை உச்சியில் நிறுத்தினார்.

அவன் நின்றான். பிறகு ஆடினான். பிறகு குப்புற விழுந்தான்.

“நீர் அசைஞ்சீரோ?”

“நான் அசையேல்லை.”

திரும்ப நிறுத்தினார். திரும்பவும் உதை விழுந்தது. பல கிழமைகளாக எனக்கு அது தெரியும். அவரிடம் நான் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. அவர் நாடாவைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையை என் வயிற்றில் வைத்தார். எடுக்கவேயில்லை. “நல்ல பலமாத்தான் அடிக்குது” என்றார். கண் நிறைந்திருந்தது. அன்று பின்னேரம்தான் முதன்முதலாகப் பெயர்களைப் பற்றிக் கதைத்தோம். ஆளுக்கு மூன்று சொல்லி ஆறையும் தள்ளிவிட்டோம்.

எட்டரை மாதத்தில் மகள் பிறந்தாள். மெலிந்த பிள்ளை, ஆனால் நல்ல குரல். நான் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில், மிச்சமிருந்த ஆறு பேரையும் கணவரே தீட்டி முடித்திருந்தார். வீட்டுக்கு வந்து பார்த்தேன். ஒருவனுக்குக் கண் நெற்றியில் இருந்தது. இன்னொருவனுக்குச் சப்பாத்தும் காலும் ஒரே மஞ்சளாய் வழிந்திருந்தது.

“எப்பிடி?” என்று கேட்டார்.

“நல்லா இருக்கு” என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்துத் தம்பி லண்டனிலிருந்து போன் எடுத்தார். செய்தி இன்னும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. “அண்ணி, எத்தினை பேர் முடிஞ்சுது?” என்று கேட்டார்.

“நாப்பதும் முடிஞ்சுது. ரோசாவும் மஞ்சளும்.”

“ரோசாவோ? இஞ்சை ஒருத்தரும் அப்பிடி அடிக்கமாட்டினம்” என்று சிரித்தவர், பாதியில் நிறுத்தினார். “அண்ணி, அது ஆர் அழுகிறது?”

கணவர் ரிசீவரை என் கையிலிருந்து வாங்கி, மகளின் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தார்.