மூஸுக்கு வாங்கிய தோட்டா

காலையில் கடையைத் திறந்ததும் அந்நாளில் என் முதல் வேலை, ஒரு மூஸின் மூக்கில் படிந்திருக்கும் மணலைத் துடைப்பது. கனடா, ரஷ்யா பக்கத்துப் பனிக்காடுகளில் திரியும் ராட்சத மானுக்குத்தான் மூஸ் என்று பெயர். நம்மூர்க் கடமானைப் பார்த்தவர்கள், அதைவிட ஒன்றரை மடங்கு உயரத்தையும் முறம்போல் விரிந்த கொம்புகளையும் நினைத்துக்கொள்ளலாம். இரண்டாயிரங்களின் நடுவில், கைபேசியில் கேமரா வந்த புதிதில், அமீரகத்தின் அல் ஐன் நகரில் ஒரு வேட்டைச் சாமான் கடையில் விற்பனையாளனாகச் சேர்ந்தேன். வெளியே அனல் காற்றில் மணல் பறக்கும். உள்ளே, குளிரூட்டியின் சத்தத்துக்கு நடுவில், பனியைத் தவிர வேறெதையும் அறியாத ஒரு மிருகம் சுவரிலிருந்து தலையை நீட்டிக்கொண்டிருக்கும். அதன் கண்ணாடிக் கண்களைத் துடைக்கும்போது, ஊரில் என் தம்பி இந்நேரம் கேழ்வரகுக் கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பான் என்று தோன்றும்.

இந்த வேலைக்கு நான் பொருத்தமானவன் இல்லை என்று சொல்ல முடியாது. எங்கள் ஊர் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காட்டை ஒட்டியது. விளைச்சல் நேரத்தில் காட்டுப்பன்றி வரும்; வீட்டுக்கு ஒரு நாட்டுத் துப்பாக்கி பரணில் கிடக்கும். என் சித்தப்பா அதில் சைக்கிள் பால்ரஸ் குண்டுகளைப் போட்டுச் சுடுவார். ஒருநாள் விடியற்காலையில் அப்படிச் சுட்டதில் பன்றியின் தோளில் இரண்டு குண்டுகள் பட்டன. அது சாகவில்லை, திரும்பியது. பத்து வயதுப் பையனாக நானும் அங்கே நின்றிருந்தேன். பன்றி ஒரே முட்டலில் அவர் தொடையை இடுப்புவரை கிழித்தது. ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் வழியிலேயே ரத்தமெல்லாம் போய்விட்டது. என் சட்டையைப் பிடித்திருந்த அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. மிருகத்தைக் கொல்வதென்றால் ஒரே குண்டில் கொல்ல வேண்டும், இல்லையென்றால் துப்பாக்கியைத் தொடவே கூடாது என்ற எண்ணம் அன்று எனக்குள் இறங்கியது. தோட்டாக்களைப் பற்றிய புத்தகங்களைக் கடையில் நான் வெறியோடு படித்ததற்கு அதுதான் காரணம்.

ஒரு டிசம்பரில் அபு காலித் வந்தார். ஐம்பது வயதிருக்கும், கனமான மனிதர், எங்கள் பழைய வாடிக்கையாளர். அடுத்த செப்டம்பரில் கனடாவுக்கு மூஸ் வேட்டைக்குப் போகிறார். ஆப்பிரிக்காவில் எருமை சுட வாங்கிய தன் துப்பாக்கியை மேசைமேல் வைத்தார். அதன் தோட்டாவுக்கு ஃபோர்-ஃபிஃப்டி-எய்ட் என்று பெயர்; குண்டு நம் சுண்டுவிரல் பருமன் இருக்கும்.

“மூஸ் வாஜித் கபீர், குமார். ரொம்ப ரொம்பப் பெரிசு. இதுதானே சரி?” என்றார். என் பெயர் குமார் இல்லை. அவருக்கு எல்லா இந்தியரும் குமார்தான்.

எனக்குத் தெரிந்த இந்தியில் விளக்கினேன். மூஸ் எருமை அல்ல, உடம்பு பெரிதே தவிர தோல் கெட்டியில்லை. இதைவிட ஒரு படி சிறிய த்ரீ-செவன்டி-ஃபைவ் தோட்டா தாராளமாகப் போதும். சுடும்போது தோளில் விழும் உதையும் அதில் குறைவு. உதைக்கப்போகிறது என்று தோள் முன்கூட்டியே சுருங்கினால் குறி தவறும் என்பதைத்தான் கடைசியாகச் சொல்ல வந்தேன். என் இந்தியில் அது, ‘பயந்தால் குறி தவறும்’ என்று வந்துவிட்டது.

அவர் முகம் மாறியது. “நான் பயப்படுறேன்னு சொல்றியா? வியாழக்கிழமை பண்ணைக்கு வா. இதையும் நீ சொன்ன துப்பாக்கியையும் எடுத்துட்டு வா. யாருக்கு பயம்னு பாப்போம்.”

பண்ணை நகரத்திலிருந்து முக்கால் மணி நேரம். வேலி போட்ட மணல்வெளி, ஒட்டகப் பட்டி, தகரக் கொட்டகை ஒன்று. அங்கே சுட்டுப் பழக அவருக்கு அனுமதி இருந்தது. ஒட்டகங்களைப் பார்த்துக்கொண்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் பாகிஸ்தானியரான கரீம் பாய். இன்னொருவர் முதுகுளத்தூர்ப் பக்கத்து முருகேசன் அண்ணன். என் தமிழைக் கேட்டதும் முருகேசன் அண்ணன் கண்ணாடி டம்ளரில் தேநீர் கொண்டுவந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒன்பது வருடமாக ஒட்டகங்களோடு இருப்பவர்.

“அந்தா ஒத்தையா நிக்கிறான் பாருங்க தம்பி, அவன்கிட்ட மட்டும் போயிராதீக. இவுக என்னமோ பேரு வச்சிருக்காக, நான் கருப்பன்னுதான் கூப்புடுவேன். மத்த நாள்ல கொழந்தை மாதிரி. மார்கழி பொறந்தா கிறுக்குப் புடிச்சிரும்.”

தனிப் பட்டியில், முன்னங்காலில் சங்கிலியோடு ஒரு கருத்த ஆண் ஒட்டகம் நின்றது. வாயெல்லாம் நுரை. அவ்வப்போது தொண்டையிலிருந்து ஒரு சிவந்த சவ்வு பலூன்போல் உப்பி வாயோரம் தொங்கியது. தண்ணீருக்குள் யாரோ உறுமுவதுபோல் ஒரு சத்தம். “பொம்பளையத் தேடுறான். காலம் அப்படி” என்று சிரித்தார் அண்ணன்.

நான் பிளாஸ்டிக் கேன்களில் தண்ணீர் நிரப்பி, ஒன்றன்பின் ஒன்றாக ஆறு கேன்களை நிறுத்தினேன். த்ரீ-செவன்டி-ஃபைவில் நான் கொண்டுபோயிருந்தது மெதுமுனைக் குண்டு. உடம்புக்குள் போனதும் குடைபோல் விரிந்து நின்றுவிடும். அபு காலித் ஒரு முறை சுட்டார். மூன்று கேன்கள் வெடித்துச் சிதறின. நான்காவது கேனின் அடியில் குண்டு பூப்போல் விரிந்து கிடந்தது. அவருடைய எருமைத் தோட்டாவில் இருந்ததோ விரியாத கெட்டிக் குண்டு. மறுபடி நிரப்பி நிறுத்திய ஆறு கேன்களையும் அது துளைத்துக்கொண்டு போய் மணல்மேட்டில் எங்கோ புதைந்தது. அவருக்கு அதுதான் பிடித்தது. இரண்டாம் முறை சுடும்போது உதை தாங்காமல் துப்பாக்கி பின்னால் வர, அதன்மேல் பொருத்தியிருந்த தொலைநோக்கியின் விளிம்பு வலது புருவத்தை எலும்புவரை வெட்டியது. ரத்தம் கொட்டியது. நான் துணியை நீட்டினேன். ‘அப்போதே சொன்னேனே’ என்பதை என் முகத்தில் பார்த்துவிட்டார்போல. துணியைத் தட்டிவிட்டு, ரத்தம் வழிய மூன்றாவதும் நான்காவதும் சுட்டார். ஒவ்வொரு வேட்டுக்கும் மணல் அதிர்ந்தது. எங்கள் முதுகுக்குப் பின்னால் கருப்பன் சங்கிலியை இழுத்துக்கொண்டிருந்ததை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

ஐந்தாவது வேட்டில் சங்கிலி கட்டியிருந்த முளை பிடுங்கிக்கொண்டது. திரும்பிப் பார்த்தபோது கம்பிவேலி சரிந்து கிடந்தது. முருகேசன் அண்ணன் கையை நீட்டி, “கருப்பா, கருப்பா, ஒண்ணுமில்லடா” என்று சொல்லிக்கொண்டே அதன் முன்னால் நடந்துகொண்டிருந்தார். அது அந்தக் கையை முழங்கையோடு கவ்வியது. அவரை அப்படியே தரையிலிருந்து தூக்கி, ஈரத்துணியை உதறுவதுபோல் இரண்டு முறை உதறியது. எலும்பு முறிந்த சத்தம் முப்பதடி தள்ளி நின்ற எனக்குக் கேட்டது. பிறகு கீழே போட்டு, முன்னங்கால்களை மடித்து, நெஞ்சில் காய்த்துப்போன கெட்டித் தோலை அவர்மேல் வைத்து அழுத்தியது. ஆளைக் கொல்ல ஆண் ஒட்டகம் செய்வது அதுதான். மணலில் தேய்த்தே கொன்றுவிடும்.

அபு காலித் எருமைத் துப்பாக்கியைத் தோளில் வைத்தார். உள்ளே கெட்டிக் குண்டு. ஒட்டகத்தைத் துளைத்துக் கீழே இருக்கும் மனிதரையும் துளைத்துவிடும். நான் பாய்ந்து குழலைப் பிடித்துக் கீழே அழுத்தினேன். “லா! லா! சுடாதீங்க!”

அவர் முழங்கையால் என் வாயில் இடித்தார். ஒரு பல் ஆடியது. “என் ஒட்டகம்! ஃபுலூஸ், காசு பத்தி உனக்கென்ன கவலை? போனா போகட்டும், கல்லாஸ்! ஆள் சாகிறான்!” ஒட்டகத்தின் விலைக்காகத் தடுக்கிறேன் என்று நினைத்துவிட்டார். அரபியும் இந்தியும் மறந்துபோய், “அடியில ஆளு இருக்காருய்யா!” என்று தமிழில் கத்தினேன். கத்திக்கொண்டே ஆறு கேன்களையும் அவற்றின் ஓட்டைகளையும் காட்டினேன். அவர் கேன்களைப் பார்த்தார், ஒட்டகத்தைப் பார்த்தார். புரிந்தது.

த்ரீ-செவன்டி-ஃபைவில் மூன்று மெதுமுனைத் தோட்டாக்களைப் போட்டு அவரிடம் நீட்டினேன். அவர் கண்ணைத் துடைத்தார், மறுபடியும் ரத்தம் நிறைந்தது. “கண்ணு தெரியல, குமார். நீ சுடு.”

வெளிநாட்டுக்காரன் துப்பாக்கியைத் துடைக்கலாம், காட்டலாம், விற்கலாம், சுடக் கூடாது என்று கடையில் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். அது நினைவுக்கு வந்தது. அண்ணனின் கால்கள் மணலை உதைத்துக்கொண்டிருந்தன. பிறகு உதைப்பது நின்றது. ஒட்டகம் கிடந்த நிலையிலேயே சுட்டால் அத்தனை எடையும் அவர்மேல் சரியும். “கரீம் பாய், எழுப்புங்க! பின்னாலிருந்து அடிங்க!” என்றேன். கரீம் பாய் ஓர் இரும்புக் குழாயோடு ஓடிவந்து அதன் தொடையில் ஓங்கி அடித்தார். மூன்றாவது அடிக்கு அது உறுமிக்கொண்டு நெஞ்சைத் தூக்கி அவர் பக்கம் திரும்பியது. தோளைப் பார்த்துச் சுட்டேன். தூசி பறந்தது, அது நின்றது. கழுத்து நெஞ்சோடு சேரும் இடத்தில் இரண்டாவது. முதுகெலும்பு போயிருக்க வேண்டும்; நான்கு காலும் ஒரே நேரத்தில் மடிந்து பக்கவாட்டில் விழுந்தது.

அது செத்துவிட்டது என்று எனக்குத் தெரியும். மூன்றாவது குண்டு தேவையே இல்லை. பக்கத்தில் போய் தலையில் சுட்டேன். என் முகத்தில் தெறித்தது. அந்தக் கணத்தில் எனக்குள் இருந்தது இரக்கமல்ல, பயமுமல்ல. ஊர்க்கொல்லையில் பத்து வயதில் செய்ய முடியாமல்போன ஒன்றைச் செய்துவிட்ட சந்தோஷம். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அண்ணனின் கால்மேல் விழுந்திருந்த கழுத்தைக் கயிறு கட்டி வண்டியால் இழுத்தோம். அபு காலித் தன் தலைத்துணியை அவிழ்த்து, தொங்கிய கைக்கு மேலே இறுக்கிக் கட்டினார். வண்டியின் பின்பக்கத்தில் அண்ணன் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். போலீஸ் வந்தபோது அபு காலித், “நான்தான் சுட்டேன்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பிறகு என் வீங்கிய உதட்டைப் பார்த்து, “மாலிஷ், குமார்” என்றார். மன்னித்துக்கொள் என்று அர்த்தம்.

முருகேசன் அண்ணன் பிழைத்தார். ஐந்து விலா எலும்புகளும் இடுப்பும் முறிந்திருந்தன. வலது கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள். நான்காம் நாள் கண்விழித்ததும் கேட்டார்: “கருப்பன் எங்க தம்பி?”

“செத்துருச்சுண்ணே.”

“அவன்மேல தப்பு இல்ல. வேட்டுச் சத்தத்துல மெரண்டுட்டான். நான் ஊட்டி வளத்தவன்” என்று அழுதார். அழக்கூட விலா இடம் கொடுக்கவில்லை. “யாரு சுட்டா?”

“அரபிதாண்ணே” என்றேன்.

எடுத்த கையை என்ன செய்வது என்ற கேள்வியோடு மருத்துவமனை எழுத்தர் ஒரு படிவத்தை நீட்டினார். இங்கே அதை மண்ணில் புதைப்பார்கள். நெருங்கிய உறவினர் என்ற இடத்தில், வேறு யாரும் இல்லாததால், நான் கையெழுத்துப் போட்டேன். ஊருக்கு வெளியே முஸ்லிம் அல்லாதவர்களுக்கான மயானத்தில், வெள்ளைத்துணி சுற்றிய அந்தச் சிறிய பொதியைக் குழியில் வைத்தபோது நான் மட்டும்தான் இருந்தேன். என்ன சொல்லிக் கும்பிடுவது என்று தெரியாமல் நின்றேன். பங்குனியில் அண்ணன் ஊருக்குப் போனார். விமான நிலையத்தில் சக்கர நாற்காலியிலிருந்து இடது கையைத் தூக்கி விடைகொடுத்தார்.

அபு காலித் அக்டோபரில் கடைக்கு வந்தார். புருவத்தில் தழும்பு. கைபேசியில் ஒரு படம் காட்டினார். பனியில் மூஸ் ஒன்று சரிந்து கிடந்தது. அதன் காயத்திலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. “ஒரே குண்டு. நீ சொன்னதுதான் சரி, குமார்.” மறுநாள் மேலாளரிடம் கேட்டுக் கூடாரமும் தூண்டிலும் விற்கும் பக்கத்துக்கு மாறிக்கொண்டேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன்.

முருகேசன் அண்ணன் மாதம் ஒருமுறை மிஸ்டு கால் கொடுப்பார், நான் திருப்பி அழைப்பேன். இடது கையால் மண்வெட்டி பிடிக்கப் பழகிவிட்டதாகச் சொன்னார். ஒரே ஒரு தொந்தரவு. இல்லாத கையின் உள்ளங்கை அரிக்கிறதாம். டாக்டர் நரம்பு என்கிறார், மாத்திரை கேட்கவில்லை. போன வெள்ளிக்கிழமை காலை நான் அந்த மயானத்தில், கையைப் புதைத்த இடத்தருகே நின்றிருந்தபோது அழைப்பு வந்தது. எங்கே இருக்கிறேன் என்று சொன்னேன்.

“அங்கனயா நிக்கிறீக?” அண்ணன் குரலைத் தாழ்த்தினார். “இன்னைக்கு ரொம்ப அரிக்குது தம்பி. தப்பா நெனைக்காதீக… அந்த மண்ணைச் சித்த சொறிஞ்சு விடுறீகளா?”

சுற்றும்முற்றும் பார்த்தேன், யாரும் இல்லை. போனைக் காதில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்து, சூடேறத் தொடங்கியிருந்த மணலை ஐந்து விரல்களாலும் சொறிந்தேன்.

“இப்ப எப்படிண்ணே?”

“கொஞ்சம் மேல” என்றார்.