பட்டன் அக்காவின் ஞாயிற்றுக்கிழமைப் பயம்

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக்குப் பட்டன் தைக்கும் மிஷினில் உட்காருபவள் என்பதால் அவளுக்குப் ‘பட்டன் அக்கா’ என்று பேர். அவள் போகும் கிறிஸ்தவ சபையிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. வாய்க்கு மட்டும் பட்டன் தைக்க மறந்துவிட்டாள் என்று கணவன் கேலி செய்வான். அந்த வாயை நம்பித்தான் சபை அவளை ஆஸ்பத்திரி ஊழியத்துக்கு அனுப்பியது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அரைவயிற்றுக்குச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவாள். கட்டில் கட்டிலாக நின்று பேசி, ஜெபித்து, ஐந்து மணிக்குத் திரும்புவாள். ஒன்பது வருஷத்தில் மழைக்குக்கூட நிறுத்தியதில்லை.

அப்படி ஒரு ஞாயிறன்று, வெல்டர் ஒருவரின் கட்டிலருகே நின்று, “அடுத்த வாரம் நீங்க வீட்ல இருப்பீங்கண்ணே, பாருங்க” என்று சொல்லிவிட்டு வந்தாள். எல்லாரிடமும் சொல்வதுதான். புதன்கிழமை அவர் இறந்துபோனார்.

மறு ஞாயிறு வெல்டரின் மனைவி சபை வாசலில் காத்திருந்தாள். சத்தம் போடவில்லை.

“வீட்டுக்கு வந்துடுவாருன்னு நீங்க சொன்னீங்க. அத நம்பி, அவங்க அண்ணன் வெளியூர்லேருந்து கெளம்பறேன்னப்ப, ‘அவசரமில்ல, வீட்டுக்கு வந்தப்புறம் வாங்க’ன்னு சொல்லிட்டேன். அண்ணன் எப்ப வருவாருன்னு கேட்டுக்கிட்டேதான் போனாரு.”

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு நடந்து போனாள்.

அன்று வழக்கம்போல ஆஸ்பத்திரியின் மாடிப்படி ஏறினாள். வார்டுக் கதவின் கண்ணாடி வழியே கட்டில்கள் தெரிந்தன. ஒரு நோயாளி தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். அவ்வளவுதான். விறுவிறுவென்று இறங்கி, பஸ் நிறுத்த பெஞ்சில் ஐந்து மணிவரை உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

“எப்படிப் போச்சு?” என்றான் கணவன்.

“நல்லாத்தான் போச்சு.”

மூன்று வாரம் இதே கதை. வேலையிலும் மனசு ஒட்டவில்லை. ஒருநாள் ஊசி விரல்நகத்தில் இறங்கிவிட்டது. கட்டு மாற்றக்கூட அந்த ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வேறு இடம் தேடிப் போனாள்.

நான்காம் வாரம் ஒரு சபைக்காரர், ‘அக்காவ வார்டுல காணோமே’ என்று கணவனிடமே கேட்டுவைத்தார். அவன் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபடியே சொன்னான்: “பயமா இருந்தா போகாத. யாரும் ஒன்னும் சொல்லமாட்டாங்க. ஆனா போயிட்டு வந்தேன்னு எங்கிட்ட சொல்லாத.”

அவள் நேராகப் போதகரிடம் போனாள். அவளைவிடப் பத்து வயசு சின்னவர். ஆராதனைக்கூடத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“என்னால இனிமே முடியாது ஐயா. வாயத் தொறந்தா யாருக்கு என்ன ஆயிடுமோன்னு இருக்கு.”

தேற்றுவார் என்று நினைத்தாள். அவர் நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு, “எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலக்கா” என்றார். “இந்த வாரம் பெண்கள் வார்டுக்கு ஆளே இல்ல. இது ஒரு தடவை மட்டும் போயிட்டு வாங்க. அப்புறம் நிறுத்திக்கலாம்.”

சரி, கடைசித் தடவை என்றுதான் போனாள். ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பள்ளிக்கூட டீச்சர் விடைத்தாள் கட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றையும் திருத்தாமல் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலை ஆபரேஷன். அக்காவைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வியே அதுதான்:

“நான் பொழைச்சுடுவேனாக்கா?”

பழைய வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அக்கா அதை விழுங்கினாள். இப்போதே திரும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது.

“தெரியலம்மா. எனக்கும் பயமாத்தான் இருக்கு.”

டீச்சர் அழவில்லை. உற்றுப் பார்த்துவிட்டு, “நீங்களாவது உண்மையச் சொன்னீங்களே” என்றாள்.

அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “யாரையாச்சும் வரவேணாம்னு சொல்லியிருக்கீங்களா?”

“எங்கம்மாவ. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதும் சொல்லிக்கலாம்னு, விஷயத்தையே சொல்லல.”

“இப்பவே போன் போடுங்க.”

டீச்சர் எண்ணைச் சொல்லச் சொல்ல, அக்காதான் அழுத்தினாள். இரண்டு பஸ் மாறி, ஆறு மணிக்கு அம்மா வந்து சேர்ந்தாள். அதுவரை அக்கா கட்டிலை விட்டு நகரவில்லை. ஜெபம்கூட இரண்டே வரிதான்: பயமாயிருக்கு, கூட இரும். அவ்வளவே கேட்டாள்.

போதகரிடம் நிறுத்திக்கொள்வதாகச் சொல்லத்தான் அந்த வாரம் முழுக்க நினைத்தாள். ஆனால் டீச்சருக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் சோறு இறங்கவில்லை. அடுத்த ஞாயிறு போனபோது ஜன்னலோரக் கட்டில் காலியாக இருந்தது. விரிப்பைக்கூட மாற்றியிருந்தார்கள். நர்ஸைக் கேட்கப் போய், வாய் வராமல், இரண்டு தடவை அவள் மேஜையைச் சுற்றி வந்தாள்.

“யாரத் தேடறீங்க?” என்று நர்ஸே கேட்டாள்.

“அந்த... டீச்சர்.”

“மேல் மாடிக்கு மாத்தியிருக்காங்க. இன்னும் கண்ணு முழுசாத் தொறக்கல. அம்மா கூட இருக்காங்க.”

பிழைப்பாளா என்று அக்கா கேட்கவில்லை. கேட்டால் நர்ஸும் ஏதாவது சொல்லித்தான் ஆகவேண்டும். படியேறி மேலே போனாள். அங்கேயும் ஒரு கண்ணாடிக் கதவு. அதைத் தள்ளிக்கொண்டு, பயத்தோடேயே உள்ளே போனாள்.