ஒன்பது நிமிட அழைப்பு

பிளாட்பாரம் அக்கா. பிறப்பு: 14 மே 1979. பத்தொன்பது ஆண்டுகள் பேருந்து நிலைய விசாரணை அறையில் ஒலிபெருக்கி வழியே அறிவிப்புச் செய்தார். பட்டப்பெயர் அங்கே கிடைத்தது. 2022 ஏப்ரலில் அவ்வேலையைப் பதிவு செய்யப்பட்ட குரலொன்று ஏற்றுக்கொண்டது.

ஊரில் வேறு வேலை அமையவில்லை. கணவர் இரு சக்கர வாகனங்களைப் பழுதுபார்ப்பவர். பட்டறையை விட்டு நகர இயலாது. ஆகவே மகளை மட்டும் அழைத்துக்கொண்டு, பெருநகரத்திலுள்ள தமக்கை வீட்டுக்கு அக்கா பிழைக்கச் செல்வதென முடிவாயிற்று.

அந்நேரத்தில், பெருநகர நிறுவனமொன்று இவ்வூரில் மூடிக்கிடந்த மரச்சாமான் கடையின் மாடியில் நாற்பது நாற்காலிகளுடன் அழைப்பு மையம் திறந்தது. சலவை இயந்திரம் வாங்கியோரின் புகார்களைத் தொலைபேசியிலேயே தீர்ப்பது வேலை. அக்காவுக்கு மூன்று மாதச் சோதனைக் காலம் தந்தனர். கணவருக்கு நம்பிக்கை போதவில்லை. சோதனைக் காலம் முடிந்த மறுவாரத்துக்கு இரண்டு பயணச்சீட்டுகளை எடுத்து வைத்தார்.

ஓர் அழைப்புக்கு ஆறு நிமிடம் என்பது விதி. அக்காவுக்கு ஒன்பது ஆயிற்று. காரணம் பழையது. ஒருமுறை விசாரணை ஜன்னலில் அக்கா நடைமேடை எண்ணை அவசரமாகச் சொல்லி அனுப்பிய முதியவர், வேறு பேருந்தில் ஏறி எதிர்த்திசையில் அறுபது கிலோமீட்டர் போய்விட்டார். அன்று முதல், கேட்டவர் திருப்பிச் சொல்லாமல் அக்கா எவரையும் விட்டதில்லை.

சோதனைக் காலத்தின் இறுதி நாளில், இருபத்தாறு வயதுக் குழுத் தலைவர் தாமும் ஒரு காதுக்கருவியை மாட்டிக்கொண்டு அருகில் அமர்ந்தார். எதிர்முனையில் ஒருவர், இயந்திரத்தில் தண்ணீர் வடியவில்லை என்றார்.

“மொதல்ல பிளக்கக் கழட்டணும் சார். அப்புறம் கீழ இருக்கற மூடியத் திறந்து வடிகட்டியக் கழுவணும். எங்க, நீங்க சொல்லுங்க.”

“என்னம்மா, பரீட்சையா?”

“ஆமா சார். பாஸானாத்தான் போன வைப்பேன்.”

“எங்க வீட்டம்மாவே தேவலை போலருக்கே!” என்று முனகியபடி அவர் ஒப்பித்தார். பிளக்கைச் சொல்ல விட்டுவிட்டார். அக்கா மீண்டும் சொல்லவைத்தார். ஒன்பதரை நிமிடம்.

குழுத் தலைவர் கருவியைக் கழற்றினார். “நேரத்தக் காட்டித் தலைமை ஆபீஸ்ல என்ன வறுத்தெடுக்கறாங்கக்கா.”

“அப்ப பெட்டியக் கட்டட்டுமா தம்பி?”

“இருங்க. மத்தவங்ககிட்ட பேசினவங்கள்ல நூத்துக்கு முப்பது பேர் அதே புகாரோட மறுபடி கூப்பிடறாங்க. உங்ககிட்ட பேசினவங்கள்ல நாலே பேர். இத அனுப்பினேன். காலைல பதில் வந்துச்சு. உங்க வேலை உறுதி.”

“ஒழுங்கா ஊருக்குப் போனவங்க எதுக்குத் தம்பி மறுபடி என் ஜன்னலுக்கு வரணும்?” என்றார் அக்கா. அடுத்த அழைப்பு காத்திருந்தது.

பயணச்சீட்டுகளை ரத்து செய்யப் பேருந்து நிலையத்துக்கு அவரே சென்றார். இருக்கை எண்கள் இரண்டையும் முன்பதிவு எழுத்தர் திருப்பிச் சொன்ன பிறகே நகர்ந்தார். அங்கு அவர் கடைசியாகச் சென்ற நாள், 8 செப்டம்பர் 2022.