பெட்டியைக் கழற்றிய போர்மேன்

இரண்டு வருடங்களுக்கு முன், சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த நாட்களில், சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுத் தொழிற்சாலையில் நடந்தது இது. எனக்குச் சொந்த ஊர் காரியாபட்டி. மதுரையில் ஒரு சின்ன கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன், அதாவது அடுத்தவர் செய்ததில் குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள். அந்த வேலை கிடைக்கும் முன்பே எனக்குச் சந்தேக புத்தி உண்டு. கடையில் ஒரு தேங்காயை மூன்று தடவை ஆட்டிப் பார்க்காமல் வாங்கமாட்டேன். வீட்டில் எனக்கு 'சிஐடி' என்றே பெயர்.

அந்தத் தொழிற்சாலையின் மருந்து அறைகளில் எங்கள் கம்பெனி ஒரு பெட்டியை மாட்டியிருந்தது. பட்டாசுக்கான ரசாயனத்தை அங்கே மருந்து என்பார்கள். மருந்து கலக்கும் அறைக்குள் இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. உள்ளே எத்தனை பேர், சூடு எவ்வளவு என்று பார்த்து முதலாளியின் போனுக்கு அனுப்புவதுதான் பெட்டியின் வேலை. இது ஒழுங்காக ஓடினால் இன்னும் பல தொழிற்சாலைகளின் ஆர்டர் வரும் என்று எங்கள் மேனேஜர் கனவில் இருந்தார்.

மதுரையில் உட்கார்ந்து கிராஃபைப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. ஓர் அறையில் மட்டும் தினமும் காலை ஆறரைக்குப் பெட்டி செத்துப் போகிறது, ஒன்பது மணிக்கு உயிர் வருகிறது. கரண்ட் போகவில்லை, பேட்டரியில் ஓடுவதுதானே. பக்கத்து அறைப் பெட்டிகள் எல்லாம் நன்றாக ஓடுகின்றன. யாரோ வேண்டுமென்றே கழற்றுகிறார்கள். முதலாளி வரும் முன் ஆட்களை அடைத்து வேலை வாங்குகிறார்கள், அது பதிவாகக் கூடாது என்பதற்காகத்தான் இந்த வேலை என்று முடிவு கட்டினேன். அந்த அறைக்குப் பொறுப்பான போர்மேன் நாற்பது வயதுக்காரர். பெட்டி மாட்டிய அன்றே முகத்தைச் சுளித்தார் என்று மாட்டப் போனவர்கள் சொல்லியிருந்தார்கள். போதாதா எனக்கு? அவரைக் கேட்டால் உஷாராகிவிடுவார் என்று கேட்கவே இல்லை. பதினெட்டு நாள் கிராஃபை வைத்து, "போர்மேன் வேண்டுமென்றே மறைக்கிறார்" என்று முதலாளிக்கு ரிப்போர்ட் அனுப்பினேன். "சனிக்கிழமையோட அவர நிப்பாட்டிர்றேன். அதுக்குள்ள ஆதாரம் கொண்டாங்க" என்று பதில் வந்தது.

வியாழக்கிழமை விடியற்காலையில் கிளம்பி ஏழு மணிக்கு அங்கே போய் இறங்கினேன். கேட்டில் வாட்ச்மேன் போனை வாங்கி வைத்தார், செருப்பையும் கழற்றச் சொன்னார். என்னிடம் இருந்தவை இரண்டு போன்கள். ஒன்றைக் கொடுத்தேன். இன்னொன்று சுடிதார் பாக்கெட்டில் இருந்தது. வீடியோ எடுத்தால்தானே ஆதாரம்! பிடிபட்டால் என்ன சொல்வது என்று ஒரு பொய்யையும் தயார் செய்து வைத்திருந்தேன்.

அந்த அறையை நெருங்கியபோது நான் நினைத்தது சரி என்றே பட்டது. தள்ளி இருந்த வேப்பமரத்தடியில், ஈரச் சாக்கின் மேல் எங்கள் பெட்டி. வாசலருகே போர்மேன். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று துள்ளிய மனதோடு உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒரு பெண்ணும் ஓர் ஆணும் மருந்தைச் சலித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டே பேர். நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை எண்ணினேன். அப்போதும் இரண்டு பேர்தான். சரி, பெட்டியைக் கழற்றியதற்காவது ஆதாரம் இருக்கட்டும் என்று போனை வெளியே எடுத்தேன்.

போர்மேன் திரும்பினார். அவர் கத்தவில்லை. முகம் மட்டும் வெளுத்துப் போயிற்று.

"தாயி... அங்கனயே நில்லு. பட்டன அமுக்காத. அப்படியே பின்னால நட."

அந்தக் குரலில் இருந்த பயம் இன்னும் என் காதில் இருக்கிறது. உள்ளே இருந்த இரண்டு பேரும் சலிப்பதை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்தார்கள். திருடனுக்குத் தேள் கொட்டியது போலப் பின்னால் நடந்தேன். கேட்டைத் தாண்டிய பிறகுதான் நின்றேன்.

சிறிது நேரத்தில் அவரும் வந்தார். உடம்பெல்லாம் வேர்த்திருந்தது, இப்போது மரியாதையாகப் பேசினார்.

"கேட்டுல போன வாங்கி வச்சிக்கிறோம். நீங்க சுவத்துலயே ஒரு போன மாட்டிட்டுப் போயிருக்கீக மேடம். அந்தப் பெட்டிக்குள்ளயும் சிம்மு, பேட்டரிதேன இருக்கு? ஒரு பொறி பட்டாப் போதும், ரூமே போயிரும். முதலாளிட்டச் சொல்லிப் பாத்தேன். இஞ்சினியருக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிருச்சோன்னு கேட்டாக. மத்த ரூமுல இப்ப மருந்து கலக்கல, இங்கன மட்டுந்தேன். அதேன் கலக்கி முடியிற மட்டும் ஆஃப் பண்ணி வெளிய வச்சிட்டு, பொறவு மாட்டிருவேன்."

ஆறரை முதல் ஒன்பது வரை, வெயில் ஏறும் முன் மருந்து கலக்கும் நேரம். என் கிராஃபில் கோடு செத்த நேரமும் அதுதான்.

என் மேல் எனக்கே அருவருப்பு வந்தது. டெஸ்டிங் பட்டியலில் 'வைக்கும் இடத்துக்குப் பாதுகாப்பானதா?' என்று ஒரு வரி உண்டு. அதில் 'ஆம்' என்று டிக் போட்டவள் நான்தான், அந்த அறையைப் பார்க்காமலே. தீப்பொறி வெளியே வராத தனி உறை வேண்டாமா என்று ஒரு தடவை கேட்டேன். "டிரையல்தானே, பெரிய ஆர்டர் வரட்டும், பாத்துக்கலாம்" என்றார் மேனேஜர். ஊரையே சந்தேகப்படும் நான் அந்த ஒரு வார்த்தையை மட்டும் அப்படியே நம்பிவிட்டேன்.

வெளியே நின்றே மேனேஜரைப் போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். "சிக்னல் கோளாறுன்னு எழுதிரு. அந்தாளு வேலையும் தப்பிச்சிரும், நம்ம ஆர்டரும் தப்பிச்சிரும்" என்றார். கொஞ்ச நேரம் எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் பெட்டி சுவரிலேயே இருக்குமே? முதலாளிக்கு நான் எழுதியது வேறு: கழற்றியது சரி, மாட்டியது தவறு, டிக் போட்டது நான், எல்லா மருந்து அறைகளிலிருந்தும் இன்றே எடுக்க வேண்டும். முதலாளி போனில் பொரிந்து தள்ளினார். "மாட்டச் சொன்னதும் நீங்கதேன், கழத்தச் சொல்றதும் நீங்கதேனா?" ஆமாம் சார், நான்தான் என்றேன்.

அன்று சாயங்காலமே பெட்டிகள் இறங்கின. போர்மேன் வேலையில் இருந்தார். ஆர்டர் போனது. மேனேஜர் ஒரு மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, பிறகு வேறு புராஜெக்டுக்கு மாற்றினார். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

என்னை உறுத்துவது வேறு. அந்தச் சனிக்கிழமை போர்மேனை நிறுத்தியிருந்தால், அடுத்து வந்தவர் என் ரிப்போர்ட்டுக்குப் பயந்து பெட்டியைத் தொட்டிருக்கவே மாட்டார். என் கிராஃபில் கோடு அறுபடாமல் ஓடியிருக்கும், நானும் எல்லாம் சரியாக நடக்கிறது என்று மதுரையில் நிம்மதியாக இருந்திருப்பேன்.